புல்லுக்குள் புல்: கோல்ஃப் மைதானக் களையெடுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புல்தரையில் முளைக்கும் அகன்ற இலைக் களையை ஒழிப்பது ஓரளவு எளிது. அதன் உடலமைப்பு வேறு, புல்லின் உடலமைப்பு வேறு. 2,4-டி போன்ற மருந்து அகன்ற இலைச் செடியை முறுக்கிச் சாகடிக்கும். பக்கத்தில் இருக்கும் புல்லுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. புல் களையில் அந்த வசதி கிடையாது. காப்பாற்ற வேண்டியதும் புல், ஒழிக்க வேண்டியதும் புல். இரண்டும் ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே வளர்ச்சி, பல நேரங்களில் ஒரே நிறம். ஒன்றைக் கொன்று இன்னொன்றை விட்டுவைக்க நமக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகலானது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். தரையில் இருக்கும் புல் எது? வந்திருக்கும் களை எது? அந்தக் களைக்கு என்ன வயது? இந்த மூன்றுக்கும் சரியான பதில் கையில் இருந்தால், எந்த மருந்து என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பதில் இல்லாமல் தெளிப்பானை எடுத்தால், களை பிழைத்து நல்ல புல் கருகும். அப்படி நடந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தரைப்புல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெப்பமான இடங்களில் உள்ள மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா புல்தான் இருக்கும். நம் அருகம்புல்தான் அது. ஃபேர்வேயிலும் (குழியை நோக்கிப் போகும் நீண்ட ஆட்டத் தரை) கிரீனிலும் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய தரை) போடுவது அதன் கலப்பின வகைகள்: ஃபேர்வேயில் டிஃப்வே, கிரீனில் டிஃப்டுவார்ஃப், டிஃப்ஈகிள் போன்றவை. உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் கடற்கரைப் பாஸ்பாலம் இருக்கும். சில மைதானங்களில் ஜாய்சியா. குளிர்ந்த இடங்களில் கிரீன்களில் பென்ட் புல், மற்ற இடங்களில் புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தரையில் நல்ல மருந்து இன்னொரு தரையில் விஷம். பெர்முடாவில் தாராளமாகப் பயன்படும் சில சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் பென்ட் புல்லைக் கொன்றுவிடும். புளூகிராஸ் தாங்கிக்கொள்ளும் மெசோடிரியோனை பெர்முடா மேல் அடித்தால் இலை வெளுத்துப்போகும். ஃபெனாக்சாப்ரோப் ஜாய்சியாவில் ஆகும், பெர்முடாவில் ஆகாது. பெர்முடாவுக்குச் சரியான பல மருந்துகளைப் பாஸ்பாலம் தாங்காது. ஒரே மைதானத்தில் கிரீனில் ஒரு புல்லும் அதைச் சுற்றி வேறொரு புல்லும் இருப்பது வழக்கம். எனவே மைதானத்தின் வரைபடம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் எந்தப் புல் என்று முதல் வாரத்திலேயே குறித்துவையுங்கள். பரப்பளவையும் அதிலேயே எழுதுங்கள். பின்னால் மருந்து அளக்கும்போது அந்த எண் இல்லாமல் எதுவும் நகராது.

களையின் முகம்

இதற்கு முழந்தாளிட்டு உட்கார வேண்டும். வண்டியில் இருந்தபடி பார்த்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஒரு சிறு கத்தியும் கையில் பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். செடியை வேரோடு எடுத்து, நான்கு விஷயங்களைப் பாருங்கள்: இளம் இலை மொட்டுக்குள் மடிந்து வருகிறதா, சுருண்டு வருகிறதா, இலையும் தண்டைச் சுற்றிய அதன் உறையும் சேரும் இடத்தில் உள்ள சிறு நாக்கு எப்படி இருக்கிறது, தண்டின் கணுக்களில் வேர் விடுகிறதா, கதிர் எப்படி இருக்கிறது.

அதிகம் தொல்லை தருவது கூஸ்கிராஸ். தாவரவியலில் எலூசின் இண்டிகா. கேழ்வரகும் இதே எலூசின் பேரினம்தான். இதன் கதிரைப் பார்த்தால் மெலிந்துபோன கேழ்வரகுக் கதிர் நினைவுக்கு வரும். செடியின் நடுப்பகுதி தட்டையாக, வெள்ளி போல வெளுத்திருக்கும். யாரோ மிதித்து நசுக்கியது போலத் தரையோடு சப்பையாகக் கிடக்கும். இலை மொட்டில் மடிந்து வரும். மண் இறுகிப்போன இடம் இதற்கு மிகவும் பிடிக்கும்: வண்டிப் பாதை ஓரம், டீயில் (முதல் அடி அடிக்கும் மேடை) ஆட்கள் நிற்கும் இடம், கிரீனுக்கு ஏறி இறங்கும் வழி. நல்ல புல்லின் வேர் நுழையத் திணறும் மண்ணில்கூட இது சுகமாக வளரும்.

கூஸ்கிராஸோடு அடிக்கடி குழப்பிக்கொள்வது கிராப்கிராஸை. இதன் இலை மொட்டில் சுருண்டு வரும். வெள்ளி நிற நடு இருக்காது. தண்டு தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஏனென்றால் கிராப்கிராஸுக்கு நன்றாக வேலை செய்யும் குயின்குளோராக் கூஸ்கிராஸை ஒன்றும் செய்யாது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் சிலவற்றைத் தோண்டிப் பார்த்தால், மருந்தில் குறை இருக்காது. களையின் பெயர்தான் மாறியிருக்கும்.

குளிர்காலத்தில் தலைகாட்டுவது போவா ஆனுவா. இளம்பச்சைத் திட்டாக வரும், இலை நுனி படகின் முனைபோல் குவிந்திருக்கும். கிரீனை மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டினாலும் அந்த உயரத்துக்குக் கீழேயே கதிர் விட்டு விதை போடும். பந்து உருளும் வழியில் வெள்ளை வெள்ளையாகக் கதிர் தெரிந்தால் அதுதான்.

இவையெல்லாம் விதையால் வருபவை. பல்லாண்டுக் களைகள் தனி ரகம். டாலிஸ் புல் குட்டையான அடித்தண்டோடு கொத்தாக நிற்கும். டார்பிடோ புல் கூர்மையான முனையுள்ள தண்டை மண்ணுக்குள் நீட்டிக்கொண்டே போகும். மேலே கருகினாலும் கீழிருந்து திரும்ப வரும். கோரையைப் பலர் புல் என்று நினைத்துப் புல்லுக்கான மருந்தை அடித்துவிடுகிறார்கள். தண்டை விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று முனை தட்டுப்படும். அது புல் குடும்பமே இல்லை; அதற்கு ஹாலோசல்ஃபுரான், சல்ஃபென்ட்ரசோன் என்று தனி மருந்துகள் இருக்கின்றன.

களை ஏன் வந்தது என்று கேளுங்கள்

அடர்த்தியாக மூடியிருக்கும் தரையில் விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. களை திட்டுத்திட்டாக வந்திருந்தால் அந்த இடத்தில் புல் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது என்று பொருள். மண் இறுகியிருக்கலாம், தண்ணீர் தேங்கலாம், நிழல் கூடியிருக்கலாம், வெட்டும் உயரம் மிகவும் தாழ்ந்திருக்கலாம். கூஸ்கிராஸ் வந்த இடத்தில் துளையிட்டு மண்ணைத் தளர்த்தாமல் வருடா வருடம் மருந்து மட்டும் அடித்துக்கொண்டிருந்தால், வருடா வருடம் அதே இடத்தில் அதே களைதான். வெட்டும் இயந்திரமும் ஒரு காரணம். ரஃபில் (ஃபேர்வேக்கு வெளியே உயரமாக விட்ட புல்) கதிரோடு நிற்கும் களையை வெட்டிய இயந்திரத்தைக் கழுவாமல் ஃபேர்வேக்குள் கொண்டுவந்தால் விதையை நாமே தூவுகிறோம். வெளியிலிருந்து வரும் மணல், புல் பாளம் இவற்றையும் இறக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

முளைக்கும் முன் போடும் மருந்து

ஆண்டுக் களைகளுக்கு இதுதான் முக்கிய ஆயுதம். புரோடையமின், பெண்டிமெத்தலின், டைத்தியோபைர், ஆக்ஸாடயசான், இண்டாசிஃபிளாம் ஆகியவை இந்த வகை. இவை விதையைக் கொல்வதில்லை, முளைப்பதையும் தடுப்பதில்லை. மண்ணின் மேல்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்காக நிற்கும். முளைத்து வரும் குருத்தோ வேரோ அந்த அடுக்கைத் தொடும்போது வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே முளைத்து வெளியே வந்துவிட்ட செடிக்கு இதை அடித்துப் பயனில்லை. டைத்தியோபைர் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. பக்கக் கிளை விடாத மிக இளம் கிராப்கிராஸையும் பிடிக்கும்.

நாள் பார்ப்பது நாட்காட்டியை வைத்து அல்ல, மண்ணின் வெப்பத்தை வைத்துத்தான். மண்ணில் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்கி, காலையில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அளந்து எழுதிக்கொண்டே வாருங்கள். குளிர் விலகி மண் 12, 13 டிகிரி செல்சியஸுக்கு வந்து சில நாள் அங்கேயே நின்றால் கிராப்கிராஸ் முளைக்கத் தொடங்கும். கூஸ்கிராஸ் அதற்குச் சில வாரம் பிந்தி, 15 முதல் 18 டிகிரியில் வரும். போவா நேர்மாறு: வெயில் காலம் முடிந்து மண் 21 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது முளைக்கும். மருந்து அதற்கு ஓரிரு வாரம் முன்பே மண்ணில் இருக்க வேண்டும். குளிரே இல்லாத வெப்ப மண்டலத்தில் கூஸ்கிராஸ் ஆண்டு முழுவதும் முளைக்கும். அங்கே மழை தொடங்கும் காலத்தையும் முந்தைய ஆண்டு நீங்கள் எழுதிய குறிப்பையும் வைத்துத்தான் நாள் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

போட்ட பிறகு தண்ணீர் விட வேண்டும். சுமார் 12 மில்லிமீட்டர் போதும். இலையில் நிற்கும் மருந்தைக் கழுவி மண்ணுக்கு இறக்குவதுதான் நோக்கம். தண்ணீர் விடாமல் விட்டுவிட்டால் பல மருந்துகள் வெயிலிலேயே வீணாகிவிடும். சரிவில் கனமழைக்கு முன்பு போட்டால் மருந்து ஓடிப் பள்ளத்தில் சேர்ந்துவிடும்.

மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். சூடும் ஈரமும் கூடினால் இன்னும் வேகமாக. அதனால் ஒரே தடவையில் முழு அளவையும் போடுவதைவிட, லேபிள் அனுமதித்தால் இரண்டாகப் பிரித்து, எட்டு வாரம் போல இடைவெளி விட்டுப் போடுவது எனக்குப் பிடித்த முறை. கூஸ்கிராஸ் போல நீண்ட நாள் முளைத்துக்கொண்டே இருக்கும் களைக்கு இது நன்றாக உதவும். துளையிடும் வேலை இருந்தால் மருந்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புரோடையமின், பெண்டிமெத்தலின், டைத்தியோபைர் போன்றவை வேர் நுனியில் செல் பிரிவதைத் தடுப்பவை. களைக்கு வேர் என்ன, நல்ல புல்லுக்கு வேர் என்ன, மருந்துக்குத் தெரியாது. தேய்ந்துபோன டீயிலும், புதிதாகத் தண்டு நட்ட இடத்திலும் இவற்றைப் போட்டால் ஓடும் தண்டு மண்ணைப் பிடிக்காமல் மேலாகவே கிடக்கும். ஆக்ஸாடயசான் அந்த வகையில் வேரைப் பாதிக்காது, அதனால்தான் புதிதாக நட்ட பெர்முடாவில் அதைத் தேடிப் போகிறார்கள். அதன் குருணையை இலை உலர்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும்; ஈர இலையில் ஒட்டினால் சுட்டுவிடும். குளிர்காலத்துக்கு ரைகிராஸ் விதை தூவும் திட்டம் இருந்தால், எந்த மருந்துக்குப் பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை லேபிளில் பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

தெளிப்பானை அளப்பது

இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. என் கண்ணில் இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான அரை மணி நேரம். புல் களையில் களை சாகும் அளவுக்கும் நல்ல புல் வாடும் அளவுக்கும் நடுவே இருக்கும் தூரம் சிறியது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அந்தத் தூரத்துக்குள் நிற்பது அளவு சரியாக இருந்தால் மட்டுமே முடியும்.

முதுகுத் தெளிப்பானில் தொடங்குவோம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டுங்கள்; அது 100 சதுர மீட்டர். தெளிப்பானில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமாக நடக்கும் வேகத்தில், வழக்கமான அழுத்தத்தில் அந்த இடம் முழுவதும் அடியுங்கள். எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று பாருங்கள். நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர்; ஆக உங்கள் நடைக்கு ஹெக்டேருக்கு 400 லிட்டர் போகிறது. 16 லிட்டர் கொள்ளும் தெளிப்பான் 400 சதுர மீட்டருக்கு வரும். லேபிளில் ஹெக்டேருக்கு 1.5 லிட்டர் மருந்து என்று இருந்தால், 400 சதுர மீட்டருக்கு 60 மில்லி. அந்த 60 மில்லியை அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். 'ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி' என்ற பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். இன்னொன்று: அளந்தவர்தான் அடிக்க வேண்டும். உங்கள் நடையும் இன்னொருவர் நடையும் ஒன்றில்லை.

பூம் (தெளிக்கும் முனைகளான நாசில்கள் வரிசையாக உள்ள குறுக்குக் கம்பி) உள்ள வண்டித் தெளிப்பானுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. முதலில் வேகம். டேங்க் பாதி நிறைந்த நிலையில், தார்ச் சாலையில் இல்லாமல் புல்தரையிலேயே 50 மீட்டர் ஓட்டிப் பாருங்கள். 30 வினாடி ஆனால் மணிக்கு 6 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். நாசில்களுக்கு நடுவே அரை மீட்டர் இருந்தால் ஒரு நாசில் நிமிடத்துக்கு 50 சதுர மீட்டரை நனைக்கிறது. அடுத்து, வண்டியை நிறுத்தி அதே அழுத்தத்தில் ஒவ்வொரு நாசிலின் கீழும் குவளை பிடித்து ஒரு நிமிடம் அளங்கள். 1.2 லிட்டர் வந்தால், 50 சதுர மீட்டருக்கு 1.2, ஹெக்டேருக்கு 240 லிட்டர். ஏதாவது ஒரு நாசில் புதியதைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக ஊற்றினால் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். நீல நிற நாசில் மூன்று பார் அழுத்தத்தில் 1.2 லிட்டர் தரும், மஞ்சள் 0.8 லிட்டர் தரும். சர்வதேச அளவுப்படி வரும் நாசில்களில் நிறமே அளவைச் சொல்லிவிடும்.

தண்ணீர் கூடுதலாக வேண்டுமென்று அழுத்தத்தை ஏற்றாதீர்கள். அளவு இரட்டிப்பாக அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும், அதற்குள் துளி பனியாகிக் காற்றோடு போய்விடும். நாசிலை மாற்றுங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள்.

முளைத்த பின் அடிக்கும் மருந்து

தப்பி முளைத்தவற்றை இளசாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று இலை, பக்கக் கிளை இன்னும் வரவில்லை என்ற நிலையில் உள்ள செடியும், ஐந்து கிளை விட்டுக் கதிர் தள்ளிய செடியும் ஒரே மருந்துக்கு ஒரே மாதிரி மடியாது. வாரம் ஒருமுறை நடந்து பார்க்கிறவர் குறைந்த மருந்தில் முடித்துவிடுவார்.

கிராப்கிராஸுக்குக் குயின்குளோராக். பெர்முடாவிலும் ஜாய்சியாவிலும் வரும் கூஸ்கிராஸுக்கு ஃபோராம்சல்ஃபுரான் நல்ல தேர்வு. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் விட்டு இரண்டாவது தடவையும் தேவைப்படும். டோப்ரமெசோன் கூஸ்கிராஸை நன்றாகக் கொல்லும், ஆனால் பெர்முடாவையும் வெளுக்க வைக்கும். சில வாரத்தில் பச்சை திரும்பும் என்றாலும், போட்டி நெருங்கும் நேரத்தில் வெள்ளைத் தரையைக் காட்டி யாருக்கும் விளக்கம் சொல்ல முடியாது. முதலில் கண்ணில் படாத மூலையில் சிறிதாக அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய ஆட்கள் எம்.எஸ்.எம்.ஏ. என்ற ஆர்சனிக் மருந்தைப் பற்றிச் சொல்வார்கள். பல நாடுகளில் அது இன்று இல்லை, இருக்கும் இடங்களிலும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பொதுவாகவே, மேலே சொன்ன எந்த மருந்தும் உங்கள் நாட்டில், உங்கள் புல்லுக்கு, கோல்ஃப் மைதானத்துக்கு என்று பதிவாகியிருக்கிறதா என்பதை லேபிளில் பார்த்த பிறகே தொடுங்கள். அதில் இல்லாத பயன்பாடு சட்டத்துக்குப் புறம்பானது.

டாலிஸ் புல், டார்பிடோ புல் போன்ற பல்லாண்டுக் களைக்கு ஒரு பருவத்தில் முடிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளிர் வரும் முன், செடி தன் சத்தைக் கீழே தண்டுக்கு இறக்கும் காலத்தில் அடித்தால் மருந்தும் அதோடு சேர்ந்து கீழே போகும். சில வாரம் விட்டு மறுபடி அடிக்க வேண்டும், அடுத்த ஆண்டும் தொடர வேண்டும். டார்பிடோ புல்லுக்குப் பெர்முடாவில் குயின்குளோராக் உதவும். எதற்கும் மசியாத திட்டுகளுக்குக் கிளைபோசேட்தான் மிச்சம். அது எதையும் பார்க்காமல் கொல்லும் மருந்து. திட்டின் மேல் மட்டும் அடித்து, முழுவதும் செத்தது உறுதியானதும் வெட்டியெடுத்து நல்ல புல்லைப் பதியுங்கள்.

தெளிக்கும் நாள்

காலையில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. மணிக்கு 3 முதல் 15 கிலோமீட்டர் வரை, கிரீனையும் தண்ணீரையும் விட்டு விலகி வீசுகிற திசையில் இருந்தால் நல்லது. அசைவே இல்லாத விடியற்காலை பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. அப்போது தரையோடு ஒட்டிய குளிர்ந்த காற்றுக்கு மேலே சூடான காற்று மூடிபோல நிற்கும். நுண்துளிகள் மேலே கலைந்து போகாமல் மிதந்து எங்கோ போய் இறங்கும். புகை மேலே எழாமல் பக்கவாட்டில் பரவினால் அன்று பொறுத்திருங்கள்.

தரை வாடியிருந்தால் அடிக்காதீர்கள். தாகத்தில் இருக்கும் களை மருந்தை உறிஞ்சாது, தாகத்தில் இருக்கும் நல்ல புல் அடியைத் தாங்காது. முந்தைய நாளும் மறுநாளும் புல் வெட்ட வேண்டாம். மருந்தை வாங்க இலை வேண்டும், வாங்கியது உள்ளே இறங்க நேரம் வேண்டும். எத்தனை மணி நேரம் மழையோ தண்ணீரோ படக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும்.

கலக்கும்போது டேங்கில் பாதித் தண்ணீர் விட்டு, கலக்கியை ஓடவிட்டு, முதலில் தண்ணீரில் கரையும் குருணை, பொடி வகை, அப்புறம் கூழ் போன்ற திரவம், அதற்குப் பின் எண்ணெய் சார்ந்த திரவம், கடைசியில் ஒட்டும் திரவம் என்று சேர்த்து மீதித் தண்ணீரை நிரப்புங்கள். லேபிள் வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். இரண்டு மருந்தைப் புதிதாகச் சேர்ப்பதானால் முதலில் ஒரு கண்ணாடிப் புட்டியில் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ அடியில் படிந்தாலோ டேங்குக்குள் போகக் கூடாது. கையுறை, கண்ணாடி, நீண்ட கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ் இவற்றைக் கலக்கும்போதே போட்டிருக்க வேண்டும். மருந்து அடர்த்தியாக இருப்பது அப்போதுதான், ஆபத்தும் அப்போதுதான் அதிகம்.

நீலச் சாயம் கலந்து அடித்தால் எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்பது தெரியும். புதியவர்கள் இதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவை விழுவதால் வரும் கருகல் கோடுகளில் பெரும்பகுதி இதனாலேயே நின்றுவிடும். தொடங்கும் முன், ஒரு சதுர மீட்டர் பலகை ஒன்றை களை வழக்கமாக வரும் இடத்தில் தரையில் போட்டு மூடிவிட்டு அதன் மேலேயே அடியுங்கள். பலகைக்குக் கீழே மருந்து படாத சிறு சதுரம் மிஞ்சும். அதன் பயனை பிறகு சொல்கிறேன்.

கிரீன் பக்கம் போகும்போது

நான் கண்ட விபத்துகளில் அதிகம் இங்கேதான். ஒரு மைதானத்தில் பெர்முடா ஃபேர்வேயில் சல்ஃபோனைல்யூரியா அடித்துவிட்டு, இலை உலரும் முன்பே ஒருவர் பென்ட் புல் கிரீனைக் குறுக்கே கடந்து நடந்தார். இரண்டு வாரம் கழித்து அவருடைய காலடித் தடம் ஒவ்வொன்றும் மஞ்சளாக எழும்பி நின்றது. எந்தத் திசையிலிருந்து வந்தார், எங்கே நின்றார் என்பதுகூடப் படித்துவிடலாம். வண்டிச் சக்கரமும் அதேதான் செய்யும். சரிவில் மேலே அடித்த மருந்து மழையோடு இறங்கி கீழே உள்ள கிரீனைத் தொடும். எனவே கிரீனைச் சுற்றி அகலமான இடைவெளி விடுங்கள், உலரும் வரை யாரையும் விடாதீர்கள், மேட்டில் அடிக்கும் முன் வானத்தைப் பாருங்கள்.

கிரீனுக்குள் என்று வந்தால், பெரும்பாலான மருந்துகளின் லேபிளே கிரீனில் பயன்படுத்தாதே என்று சொல்லும். பென்சுலைடு போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதி உண்டு. ஒரு கிரீனில் பத்து இருபது கூஸ்கிராஸ் இருந்தால் கத்தியும் கையும்தான் சிறந்த கருவி: விதை தள்ளும் முன் வேரோடு எடுத்து, குழியை மணலால் நிரப்புங்கள். கலப்பினப் பெர்முடா கிரீனுக்குள் சாதாரண பெர்முடா புகுந்துவிட்டால் பிரித்துக் கொல்லும் மருந்தே கிடையாது. அந்தத் திட்டைச் சுற்றி நன்றாக அகலமாக வெட்டியெடுத்து, அதே வகைப் புல்லைப் பதிப்பதுதான் வழி. திட்டு உள்ளங்கை அளவில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால்

தென் கரோலினாவின் பருத்தி வயல்களில் 1973ஆம் ஆண்டிலேயே டிரைஃப்ளூரலின் மருந்துக்கு அடங்காத கூஸ்கிராஸ் பதிவானது. புரோடையமினும் பெண்டிமெத்தலினும் அதே குடும்பத்து மருந்துகள். 1997இல் மலேசியாவில் கிளைபோசேட்டையே தாங்கும் கூஸ்கிராஸ் வந்தது. போவா இன்னும் மோசம். பல வெவ்வேறு வகை மருந்துகளை எதிர்த்து நிற்கும் போவா கோல்ஃப் மைதானங்களிலிருந்தே கிடைத்திருக்கிறது. ஒரே மருந்து ஆண்டுதோறும் விழும் தரையில், அதற்குத் தப்பிய ஓரிரு செடிகளின் விதைதான் மிஞ்சும். சில ஆண்டில் அந்த வம்சமே தரை முழுவதும் நிற்கும்.

பெயரை மாற்றினால் போதாது, கொல்லும் முறையை மாற்ற வேண்டும். பல லேபிள்களில் மருந்தின் செயல்முறைக்கு ஒரு குழு எண் இருக்கும். புரோடையமினும் பெண்டிமெத்தலினும் டைத்தியோபைரும் எல்லாமே குழு 3, அதனால் ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று என்பது மாற்றமே ஆகாது. ஆக்ஸாடயசான் குழு 14, இண்டாசிஃபிளாம் குழு 29. இப்படிக் குழு விட்டுக் குழு மாற்றுங்கள். மருந்துக்குப் பிறகும் நிமிர்ந்து நிற்கும் செடி தென்பட்டால் கையால் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அது விதை போடாமல் இருப்பது எந்த மருந்தையும்விட மதிப்பானது.

அடித்து முடித்த பின்

டேங்கையும் குழாயையும் மூன்று முறை கழுவி, கழுவிய தண்ணீரை லேபிள் அனுமதிக்கும் அதே தரையிலேயே அடித்துவிடுங்கள். சாக்கடையிலோ குளத்தருகிலோ ஊற்றாதீர்கள். சல்ஃபோனைல்யூரியா அடித்த டேங்குக்கு வெறும் தண்ணீர் போதாது. அம்மோனியா கலந்த தண்ணீரை நிரப்பிக் கொஞ்ச நேரம் விட்டு, நாசிலையும் வடிகட்டியையும் கழற்றித் தனியே கழுவ வேண்டும். மிக நுண்ணிய மிச்சம்கூட அடுத்து அந்த டேங்கால் பென்ட் கிரீனுக்குப் போனால் தெரிந்துவிடும். காலி டப்பாவையும் மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பு டேங்கிலேயே சேர்த்து, டப்பாவில் ஓட்டை போட்டு வையுங்கள். வேறு எதற்கும் அதை யாரும் எடுக்கக் கூடாது.

அன்றே நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், மருந்து, குழு எண், அளவு, எத்தனை லிட்டர் தண்ணீர், பரப்பு, காற்று, மண் வெப்பம், களையின் பெயர், அதன் இலை எண்ணிக்கை, அடித்தவர் பெயர்.

முளைத்த பின் அடித்த மருந்தானால் இரண்டு, மூன்று வாரத்திலும், முன் போட்ட மருந்தானால் இரண்டு மாதத்திலும் அந்தப் பலகை இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். சதுரத்துக்குள் களை நிறைந்து வெளியே சுத்தமாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. உள்ளேயும் வெளியேயும் சுத்தமாக இருந்தால், அந்த ஆண்டு அங்கே களையே வரவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பகுதிக்கு மருந்து தேவையா என்று யோசிக்கலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு களை நின்றால், நோட்டை எடுத்துத் தேதியையும் அளவையும் மண் வெப்பத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் பிழைத்த செடிகள் சிலவற்றை விதையோடு எடுத்து, எதிர்ப்புச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோதனை முடிவு வரும்வரை அந்தக் குழு மருந்தை அந்தப் பகுதியில் தொடாதீர்கள்.